பாய்லரக்கா கூடாரத்தைக் கிழித்த நாள்

கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சொல்வார்கள். கோபக்காரர்களைத் தட்டிக்கொடுத்து ஓரமாக உட்காரவைக்க யாரோ ஒரு சாமர்த்தியசாலி கண்டுபிடித்த வசனம் அது. பாய்லரக்காவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "என் குணத்தை யாருடா கேட்டா? நான் சொல்றதைக் கேளுங்கடா" என்பாள். யாரும் கேட்டதில்லை. ஐம்பத்தொரு வயதுவரை யாரும் கேட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவள் பாய்லர் பார்ப்பவள். கட்டடத்தின் பின்புறம், சமையற்கூடத்துக்கும் குப்பை வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரக் கூரைக் கொட்டகை. உள்ளே லாரி நீளத்துக்கு ஒரு பாய்லர். ஐந்நூறு படுக்கைகளின் விரிப்புகள் வெளுப்பதும், அறுவைக் கத்திகள் சுத்தமாவதும், நோயாளிகளுக்குக் கஞ்சி கொதிப்பதும் அது விடும் நீராவியில்தான். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அவள் அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பாள், அழுத்த முள்ளைப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், மறுபடியும் எழுந்துபோய்ப் பார்ப்பாள். தண்ணீர் குறைந்தால் பாய்லர் வெடிக்கும். வெடித்தால் கொட்டகையோடு சமையற்கூடமும் போகும்.

இருபத்திரண்டு வயதில் விரிப்பு மடிக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். பாய்லர்க்காரர் அடிக்கடி டீ குடிக்கப் போய்விடுவார். அப்போதெல்லாம் முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்லி இவளை நிறுத்திவிட்டுப் போவார். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். லைசன்ஸ் பரீட்சைக்குப் போனபோது தேர்வாளர், "ஏம்மா, மடிக்கிற வேலை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். முதல் தடவை தோற்றாள். இரண்டாவது தடவை அதே மனிதர் கையாலேயே சான்றிதழ் வாங்கினாள். வாங்கும்போது சிரிக்கவில்லையாம். "எதுக்குச் சிரிக்கணும்? நான் படிச்சேன், அவர் கையெழுத்துப் போட்டார்" என்று இன்றைக்கும் சொல்வாள்.

கொட்டகைக்குள் எப்போதும் இரைச்சல். பக்கத்தில் நிற்பவரிடம் "தள்ளி நில்லு" என்று சொல்வதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். எட்டு மணிநேரம் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவள், உப்பு எடுத்துக் கொடு என்று கேட்டாலும் சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் இருக்கும். அவள் கணவரோ நூலகத்தில் வேலை பார்ப்பவர். ஒருத்தி கத்துவதற்கும் ஒருவர் கிசுகிசுப்பதற்கும் சம்பளம் வாங்கி நடந்த குடும்பம் அது. ஒரே மகள் கல்யாணமாகித் தூரமாய்ப் போய்விட்டாள். ஆக, பாய்லரக்காவின் கோபத்தில் பாதி வெறும் சத்தம். மீதிப் பாதி நிஜக் கோபம், அதற்கு நிஜமான காரணமும் இருக்கும். ஆனால் கேட்பவர்களுக்கு எந்தப் பாதி எது என்று தெரிவதில்லை; தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை.

மெனக்கெடுவதற்குப் பதிலாக அவளுடைய தம்பி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். அவள் குரலை உயர்த்தினால் போதும், உதட்டைக் குவித்து குக்கர் போல "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு விசில் விடுவான். "பிரஷர் ஏறிடுச்சு, எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்பான். வீடே சிரிக்கும். அத்தோடு விஷயம் முடிந்தது. அவள் சொல்ல வந்தது என்ன, அது சரியா தவறா என்ற பேச்சே எழாது. தம்பி கற்றுக்கொடுத்தது தம்பி பெண்டாட்டிக்கு வந்தது, பிள்ளைகளுக்கு வந்தது. தம்பியின் மகள், ஆறு வயதுப் பட்டாணி கூட, முன்பல் விழுந்த வாயால் காற்றுப்போகிற மாதிரி ஒரு விசில் விடுவாள். பட்டாணி செய்தால் மட்டும் அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தக் குழந்தையின் மேல் அவளுக்கு அப்படி ஒரு உயிர்.

தம்பிக்குச் செல்போன் கடை. நாளெல்லாம் கைக்குள் ஒரு திரை. அதில் ஒருநாள் எவனோ ஒருவன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, காப்பி குடித்து, சூரியனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற வீடியோ வந்தது. பிடித்துக்கொண்டது பைத்தியம். வீட்டில் கட்டில் இருக்கிறது, போர்வை இருக்கிறது, ஒழுகாத கூரை இருக்கிறது. அத்தனையையும் பூட்டிவிட்டு, காசு கொடுத்து நனையப் போவதற்குப் பெயர் கேம்பிங். எட்டுப் பேர் படுக்கிற கூடாரம் ஒன்று வாங்கினான், ஆரஞ்சு நிறத்தில், ஜன்னலெல்லாம் வைத்தது. பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல அதை வீடு வீடாய்க் கொண்டுபோய்க் காட்டினான்.

"மழைக்காலம்டா" என்றாள் அக்கா.

"போன்ல வெயில்னு போட்டிருக்கு, அக்கா."

"போனை விடு. தலையைத் தூக்கி மேல பாரு."

"உஸ்ஸ்ஸ்" என்றான் தம்பி.

மூன்று வருடமாக அவள் தொடர்ந்து இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. பட்டாணி, "அத்தை வந்தாத்தான் நானும் வருவேன்" என்று தரையில் உட்கார்ந்துகொண்டதால்தான் எடுத்தாள். ஆக மொத்தம் போனவர்கள்: அவள், அவள் கணவர், தம்பி, தம்பி மனைவி, பட்டாணி, பட்டாணியின் அண்ணன் (பத்து வயது, சதா எதையாவது தின்றுகொண்டிருப்பவன்), பிறகு தம்பியின் சிநேகிதர் ஜிம் மாஸ்டர். ஜிம் மாஸ்டரின் மனைவி புத்திசாலி. தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மலைமேல் இருந்த அந்த ஏரி அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுற்றிலும் நெட்டை நெட்டையாய் மரங்கள், நடுவே தட்டுப் போலத் தண்ணீர். முதல் முளையை மண்ணில் இறக்கியபோது முதல் துளி விழுந்தது. நாலாவது முளைக்கு ஊற்ற ஆரம்பித்துவிட்டது. சுத்தியல் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஜிம் மாஸ்டர் பாறாங்கல்லால் முளை அடித்து, இரண்டை வளைத்து, ஒன்றை ஏரியில் தொலைத்தார். எப்படிக் கட்டுவது என்று போட்டிருந்த தாளைத் தம்பி பிரிக்கவே இல்லை. பக்கத்தில் சமையலுக்காக ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். அது தண்ணீரைச் சேர்த்துவைத்து, தோதான நேரம் பார்த்து யார் தலையிலாவது கவிழ்த்தது. ராத்திரி முழுக்கக் கூடாரத்தின் ஒரு மூலை ஒழுகியது. அந்த மூலையில் யார் படுத்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். கணவர் தன் சட்டையைக் கழற்றி அவள் கால்மாட்டில் மடித்துவைத்து ஈரத்தை ஒற்றினார். அவர் அன்றிரவு பேசியது மொத்தம் மூன்று வார்த்தை: "தூங்கு, விடிஞ்சதும் போயிடலாம்." நாலாவதாக ஏதோ சொல்ல வந்தார், அது வாய்க்குள்ளேயே போய்விட்டது.

விடிந்தது, ஆனால் யாரும் போகவில்லை. இன்னும் ஒருநாளுக்குத் தம்பி இடம் பிடித்திருந்தானாம். மதியத்துக்கு மேல் வெயில் வரும் என்று போன் சொன்னதாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மதியமும் வந்தது. வெயிலுக்குப் பதில் காற்று வந்தது, எலும்பில் ஊசி இறக்குகிற காற்று. பிள்ளைகளின் மாற்றுத்துணி வரை நனைந்துவிட்டது. பட்டாணியின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டாள்.

மேட்டில், ரோட்டுப் பக்கம், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவரின் அறை இருந்தது. அங்கே போய்க் காய்ந்த கம்பளியும் பிளாஸ்க்கில் வெந்நீரும் வாங்கிவருவதாக அவளும் கணவரும் புறப்பட்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஜிம் மாஸ்டர் கோழி வாட்டுவதற்காகக் கொண்டுவந்த இரும்பு அடுப்பை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். விறகெல்லாம் நனைந்துபோனாலும் கரி மட்டும் பிளாஸ்டிக் பையில் காய்ந்து இருந்தது. செக்கச்செவேலென்று பிடித்துக்கொண்டது.

புறப்படுவதற்கு முன் அவள் திரும்பி நின்று ஒரு பாட்டம் கத்தினாள். ஒன்று, பிள்ளைகள் ஈர ஷூவோடு இருக்கக் கூடாது. இரண்டு, காரைச் சரிவில் புல்மேல் நிறுத்தியிருக்கிறான், மேட்டுக்கு ஏற்றி நிறுத்தவேண்டும். மூன்று, பாலைத் திறந்து வைக்காதே. இரண்டாவதிலேயே தம்பி "உஸ்ஸ்ஸ்" என்று ஆரம்பித்துவிட்டான். பையன் சிரித்தான். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நாலாவதாகத்தான் அவள் சொன்னாள்.

"அந்த அடுப்பு கூடாரத்துக்குள்ள போகக் கூடாது. சொல்லிட்டேன்."

"அக்கா, இது விறகு இல்ல, கரி" என்றார் ஜிம் மாஸ்டர், குழந்தைக்கு விளக்குவதுபோல. "புகையே வராது. பாருங்க, எவ்வளவு சுத்தமா எரியுதுன்னு."

"புகை வந்தாத் தேவலை, இருமிக்கிட்டாவது வெளிய ஓடி வருவோம். எங்க ஆஸ்பத்திரில ஒரு வாட்ச்மேன், இதே மாதிரி குளிர்ல..."

"வாட்ச்மேன் கதை வந்துடுச்சு!" என்றான் தம்பி. "உஸ்ஸ்ஸ்!"

இந்த இடத்தில் அவனை நாலு அறை அறையலாம் போல எனக்கே இருக்கிறது. அந்த வாட்ச்மேன் கதையை அவள் பத்து வருடத்தில் மூன்று முறை ஆரம்பித்திருக்கிறாள். மூன்று முறையும் நடுவில் விசில். அவர் எப்படிச் செத்தார் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. குளிர் தாங்காமல் ஒரு சட்டியில் கரியைப் போட்டு உள்ளே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார் மனிதர். காலை ஷிப்டுக்கு வந்த பாய்லரக்காதான் முதலில் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்து, கன்னமெல்லாம் சிவந்து, நல்ல தூக்கம் தூங்குகிறவர் போல இருந்தார். "அண்ணே, விடிஞ்சிடுச்சு" என்று தோளைத் தொட்டாள். கரிக்குப் புகை இல்லை, நெடி இல்லை. மூடிய இடத்தில் அது விடுகிற விஷக் காற்றுக்கும் நிறமில்லை, வாசனையில்லை. தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அதைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, மழையில் விறுவிறுவென்று மேட்டில் ஏறினாள். பிற்பாடு இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தன்னை அதிகம் திட்டிக்கொண்டாள்.

மேட்டு அறைக்காரர் அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஜன்மம். கம்பளி இருக்கும் அலமாரியின் சாவியைத் தேடினார். கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு, ஸ்விட்ச் போடாமல், சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு குடும்பமும் வந்து வரிசையில் நின்றது. முக்கால் மணிநேரம் போய்விட்டது. ஆளுக்கு இரண்டு கம்பளியைப் பாலித்தீனில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழுக்குகிற பாதையில் இறங்கினார்கள்.

தார்ப்பாய்க்கு அடியில் கோழி பச்சையாகக் கிடந்தது, அடுப்பைக் காணவில்லை. தம்பியும் ஜிம் மாஸ்டரும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, போனில் ஏதோ மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தின் ஜன்னல் மடிப்புகள் அத்தனையும் இழுத்து மூடியிருந்தன. குளிர் உள்ளே வரக்கூடாதாம்.

அவள் கக்கத்திலிருந்த கம்பளிகள் சேற்றில் விழுந்தன.

"பட்டாணி!" என்று கத்தினாள். பதில் இல்லை. தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கூடாரத்து ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஜாண் வந்தது, பிறகு ஈரத் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள், கையில் ஜிப்பின் தலை பிய்ந்துகொண்டு வந்தது. அந்த நிமிடம் அவளுக்குள் வந்தது பயமா கோபமா என்று பின்னால் கணவர் மெதுவாகக் கேட்டார். "கோபம்தான்" என்றாள். "பயந்திருந்தா அங்கயே நின்னிருப்பேன்."

தார்ப்பாய்க்கு ஓடி, ரொட்டி அறுக்கிற நீளக் கத்தியை எடுத்துவந்தாள். பிறந்த குழந்தையைப்போல வீடு வீடாய்க் காட்டப்பட்ட அந்த ஆரஞ்சுக் கூடாரத்தின் பக்கச்சுவரில் தோள் உயரத்துக்குக் குத்தி, தரைவரைக்கும் ஒரே இழுப்பாகக் கிழித்தாள். கிழிகிற சத்தம் காருக்குள் கேட்டது. அவள் குரல் கேட்காதவர்களுக்குக் கூடாரம் கிழிவது கேட்டது! "ஏய் அக்கா! என்ன பண்ற!" என்று அலறிக்கொண்டு இறங்கினான் தம்பி.

உள்ளேயிருந்து வெதுவெதுவென்று காற்று வந்து முகத்தில் பட்டது. நடுவில் ஒரு தட்டின்மேல் அடுப்பு, கரி ரோஜாப்பூப் போலக் கனன்றுகொண்டிருந்தது. தம்பி மனைவி ஒரு கையை ஊன்றி எழப்பார்த்து, குடித்தவள் மாதிரி சரிந்தாள். "அண்ணி... தல சுத்துது" என்று குழறினாள். பையன் ஓரத்தில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பட்டாணி நடுவில், அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். கன்னம் நல்ல சிவப்பு.

அந்தச் சிவப்பை அவள் முன்பே பார்த்தவள்.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து, போர்வையோடு சேர்த்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். குழந்தை துணிமூட்டை மாதிரி தொங்கினாள். கணவர் பையனைத் தூக்கிவந்தார். ஜிம் மாஸ்டர், பாவம், அந்த உடம்பு அதற்காவது உதவியது, தம்பி மனைவியை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திவந்து புல்லில் கிடத்தினார். மழை பட்டாணியின் முகத்தில் நேராக விழுந்தது. "எழுந்திருடி! எழுந்திருடி கழுத!" என்று கன்னத்தில் தட்டித் தட்டிக் கத்தினாள் பாய்லரக்கா. அந்த ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். அன்றைக்கு அந்தக் குரலுக்கு யாரும் விசில் அடிக்கவில்லை. மூச்சு இருந்தது, மெல்லிசாக. கண் திறக்கவில்லை.

"வண்டியை எடுடா!"

வண்டி வரவில்லை. சரிவில், புல்மேல் நின்ற கார் ஒரு முழம் கீழே வழுக்கி, பின்சக்கரம் சேற்றில் பாதி இறங்கியிருந்தது. தம்பி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சும்மா சுற்றிச் சேற்றைத்தான் வாரி இறைத்தது. சொன்னேனே, சொன்னேனே என்று அவள் பற்களுக்கு நடுவே முனகினாள். கிழிந்த கூடாரத் துணியைச் சக்கரத்துக்கு அடியில் திணிக்கச் சொன்னதும் அவள்தான். ஜிம் மாஸ்டரும் கணவரும் தள்ளினார்கள். நூலகத்துக் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சத்தம் போட்டார். கார் கிளம்பியது.

மேட்டு ரோட்டுக்கு வந்து, திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்க அடிக்க நாலு கிலோமீட்டர் போயிருப்பார்கள். அத்தையின் மடியில் கிடந்த பட்டாணி முகத்தைச் சுளித்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலேயே வாயை மட்டும் திறந்து அழுதாள். முன்பல் இல்லாத வாய். கோணலான, எரிச்சலான, காது கிழிகிற அழுகை. "அழு, நல்லா அழு, சத்தமா அழு" என்று அவளை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள் பாய்லரக்கா. கார் முழுக்க அழுதது. தம்பி ஓட்டிக்கொண்டே அழுதான்.

அது பத்துப் படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. மூன்று பேருக்கும் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூன்று மணிநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது, கண்ணுக்கடியில் கருவளையம்.

"மூணு பேரும் தப்பிச்சிட்டாங்க. சின்னதை மட்டும் நாளைக்குக் காலைல வரைக்கும் வச்சுப் பாக்கணும்" என்றார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "மூடின கூடாரத்துக்குள்ள கரியடுப்பு. யார் யோசனை அது?"

ஜிம் மாஸ்டர் தன் ஷூவைப் பார்த்தார். "புகை வரல, மேடம்" என்றார்.

"புகை வரலைன்னா விஷம் இல்லைன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. சொன்னவள் சுவரோரமாக, முழங்கால்வரை சேறோடு, நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவின் பின்னால் கணவரும் ஜிம் மாஸ்டரும் உள்ளே போனதும், வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி வரிசைக்கு முன்னால் அக்காவும் தம்பியும் மட்டும் மிச்சம். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அந்த மன்னிப்பை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் கைகளைக்கூட ஒருமாதிரி கட்டிக்கொண்டாள். ஆனால் அவமானம் தலைக்கேறினால் மனுசனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்தக் குடும்பத்து ரத்தத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

"சரியா சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றான்.

"என்னது?"

"இது உயிர் போற விஷயம்னு தனியாச் சொல்லியிருக்கலாம்ல? ஷூ, காரு, பாலு, எல்லாத்துக்கும் ஒரே கத்து. அதோட சேர்த்து இதையும் கத்துனா எங்களுக்கு என்ன தெரியும்? நீ எப்பவும் கத்துற அக்கா. இதுல எது நிஜம்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவளுக்குச் சுரீரென்றது. ஏனென்றால் அதில் ஒரு துளி உண்மை இருந்தது. வேலையில் அவளே புதியவர்களுக்குச் சொல்லுவாள்: எந்நேரமும் அடிக்கிற எச்சரிக்கை மணியை யாரும் கேட்க மாட்டார்கள், கடைசியில் எவனாவது ஒயரைப் பிடுங்கி விடுவான், அதனால் பழுதான மணியை உடனே மாற்று. நாலாவதாகச் சொன்னதை முதலில் சொல்லியிருக்கலாம். எக்கேடோ கெட்டுப் போங்க என்று மேட்டில் ஏறியதற்குப் பதில், அந்த அடுப்பைத் தூக்கி ஏரியில் எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் ஒரு நிமிடம் அதை யோசித்தாள், நியாயமாகவே யோசித்தாள்.

ஆனால் மணி பழுதில்லை. அதுதான் அவளுக்குத் திடீரென்று விளங்கியது. விளங்கியதும் குரல் தானாக உயர்ந்தது.

"கார் வழுகுச்சா இல்லையா?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"வழுகுச்சாடா இல்லையா? சொல்லு. போன வருஷம் உன் பைக் பிரேக்கைப் பாருடான்னு கத்துனேன். ரெண்டு மாசம் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்துக் கிடந்தியே, அது யாரு? அப்பாவுக்கு அது வாயு இல்லடா, நெஞ்சுவலின்னு இந்த ஊரே கேக்கக் கத்துனேன். விசில் அடிச்ச. அன்னிக்குச் சாயங்காலம் அப்பாவைத் தூக்கிட்டுப் போனோம், திரும்பித் தூக்கிட்டு வந்தது யாரை? எது நிஜம்னு கேக்குற? நான் கத்துனது எல்லாமே நிஜம்டா. ஒண்ணு விடாம எல்லாமே."

மூலையில் ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் ஒருத்தி வந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க" என்றாள்.

"நானும் ஆஸ்பத்திரிதான், எனக்குத் தெரியும்" என்றாள் பாய்லரக்கா. இருந்தாலும் உட்கார்ந்தாள். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அப்பாவைப் பற்றிய பேச்சு அவனைக் குத்திவிட்டது. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அவள்கூட அதைக் காப்பாற்றித்தான் வந்தாள், பதினொரு வருடமாக. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு உள்ளே மாஸ்க்குக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தையை நினைத்தாள். சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலையில் பட்டாணியை விட்டார்கள். ரொட்டி கேட்டாள், கொடுத்ததும் வேண்டாம் என்றாள், ஊசி குத்திய இடத்தைக் காட்டி எல்லோரிடமும் தனித்தனியாக அனுதாபம் வாங்கினாள். பழைய குழந்தைதான். ஜிம் மாஸ்டர் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று நழுவிவிட்டார். தம்பி மனைவி காரில் ஏறும்போது அக்காவின் கையைப் பிடித்தாள். "அண்ணி, நான் உள்ள இருந்துக்கிட்டே, இதமா இருக்கேன்னுதான் நினைச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். அவளிடம் கோபித்துக்கொள்ளவும் பாய்லரக்காவுக்குத் தெம்பில்லை. "சரி, ஏறு" என்றாள்.

மழை விட்டபாடில்லை. தம்பி வண்டியை ஓட்டினான், கணவர் பக்கத்தில். பின்னால் பெண்களும் பிள்ளைகளும். மலைப்பாதை இறங்கி நேர்ரோட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் எப்போது வீடு போய்ச் சேருவோம் என்றிருந்தது. தம்பியின் காலும் அப்படித்தான் நினைத்தது போலும். முன்கண்ணாடியில் வைப்பர் மூச்சுவாங்க அடித்தும் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்து மறைந்தது.

"மெதுவாப் போ" என்றாள் பாய்லரக்கா.

அவள் கத்தவில்லை. தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது. பையன் வழக்கம்போல் அப்பாவின் உதட்டைக் கண்ணாடியில் பார்த்தான். தம்பி உதட்டைக் குவிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி குறைந்தது, குறைந்து ஒரு சீரான வேகத்துக்கு வந்தது, லாரி மழைக்குள் தூரமாய்ப் போய்விட்டது. கணவர் திரும்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தார், பார்த்தாயா என்பதுபோல.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காலை எடுத்த அந்த நொடியில்தான், முந்தின நாள் முழுக்க வராத அளவுக்கு அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவுதானா இது? இந்த ஒரு காலை இத்தனூண்டு தூக்குவதற்கா ஒரு குழந்தை சாகக் கிடக்க வேண்டியிருந்தது? பட்டாணி அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினாள். வீடு வரும்வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவள் அந்தக் குழந்தையின் மூக்குக்கு அடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.